ஓய்வு என்று அச்சிட்டிருந்தார்கள்

கடந்த ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை பெட்ரோல் போட நின்ற இடத்தில், கடைக் கதவில் ஒட்டியிருந்த மஞ்சள் தாள் ஒன்றைப் பார்த்தேன். விவசாய ஓய்வு ஏலம் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். இரண்டு டிராக்டர், ஓர் அறுவடை இயந்திரம், பன்னிரண்டு வரிசை விதைப்புக் கருவி, தானிய லாரி, வெல்டிங் சாமான்கள், பட்டறைக் கருவிகள் என்று பட்டியல் நீண்டது. அடியில் இருந்தது எனக்குத் தெரிந்தவரின் பெயர். என் வீட்டுப் பின்வேலிக்கு அப்பால் உள்ள வயலை நான் குடிவந்த நாளிலிருந்து ஒன்பது ஆண்டுகளாக விதைத்து அறுத்துவருபவர். உள்ளே போனால் காபி இயந்திரத்தின் முன்னால் அவரே நின்றிருந்தார். நேராகப் போய்க் கையைப் பற்றிக் குலுக்கி, “வாழ்த்துகள், இனிமேலாவது நிம்மதியாக இருங்கள்” என்றேன்.

அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. “என் அப்பா எழுபத்தொன்பது வயது வரை டிராக்டரில் ஏறினார். எனக்கு ஐம்பத்தெட்டுதான் ஆகிறது” என்றார். பிறகு காபிக் கோப்பைக்கு மூடியைப் பொருத்தத் தொடங்கினார். மூடி சரியாக உட்காரவில்லை. இரண்டு மூன்று முறை அழுத்திப் பார்த்தார். நான் வாங்க வந்ததை வாங்காமலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்த வாழ்த்தை நான் இன்னும் திரும்பப் பெற முடியாமல் இருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வேலிக்கு அப்பால்

நான் இருப்பது இல்லினாய் மாநிலத்தின் மெக்லீன் கவுண்டியில், ப்ளூமிங்டனில். கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் போன்றது. அமெரிக்காவிலேயே அதிக மக்காச்சோளம் விளையும் கவுண்டி என்ற பெயரை அடிக்கடி வாங்கும் மண் இது. மழைக்குப் பின் கையில் எடுத்தால் காபித்தூள் போல உதிரும் கறுப்பு மண். இத்தனை தமிழ்க் குடும்பங்கள் இந்த ஊரில் வந்து சேர்ந்ததற்கு முக்கியக் காரணம் ஸ்டேட் ஃபார்ம் காப்பீட்டு நிறுவனம். அதை 1922-இல் தொடங்கிய ஜார்ஜ் மெச்சர்ல் இந்தப் பகுதியின் விவசாயி. நகரத்தாரைவிடக் குறைவாக வண்டி ஓட்டும் விவசாயிகள் நகரத்தார் அளவுக்குக் காப்பீட்டுக் கட்டணம் ஏன் கட்ட வேண்டும் என்ற கேள்வியில் பிறந்த நிறுவனம் அது. விவசாயிகளின் கார்களுக்காக எழுந்த அந்தக் கட்டடத்துக்குள் உட்கார்ந்துதான் நாங்கள் நிரல் எழுதுகிறோம், வீடு வாங்குகிறோம். என் வீடு நிற்கும் மனையும் ஒரு காலத்தில் சோளக் காடு.

அவரோடு எனக்கு ஏற்பட்ட பழக்கம் ஒரு மருந்தினால் வந்தது. முதல் வருடம் நான் வேலியோரம் தக்காளியும் மிளகாயும் தொட்டியில் ஒரு முருங்கையும் வைத்திருந்தேன். ஒரு நாள் காலை கதவைத் தட்டி, “நாளை களைக்கொல்லி அடிக்கப் போகிறேன். காற்று திசை மாறினால் உங்கள் தக்காளி இலை சுருண்டுவிடும். ஒரு நாள் மூடி வையுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் மருந்தடிக்கும் முன்பு ஒரு குறுஞ்செய்தி வரும். அறுவடைக்கு முன்பு, தூசி வரும், ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள் என்று இன்னொன்று. தமிழ்நாட்டில் நெல்லடித்த களத்துமேட்டின் தூசியில் வளர்ந்தவன் நான். அந்தச் செய்தி வந்தால் வேண்டுமென்றே ஒரு ஜன்னலைத் திறந்து வைப்பேன்.

ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அலுவலக உணவு மேசையில் அமெரிக்க விவசாயிகளைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நான் ஒரே கட்சியில்தான் இருந்தேன். ஐந்து லட்சம் டாலருக்கு மேல் விலையுள்ள இயந்திரத்தில் குளிர்சாதன வசதியோடு உட்கார்ந்து உழுகிறவர், பயிர்க் காப்பீட்டுப் பிரீமியத்தில் பாதிக்கு மேல் அரசாங்கம் கட்டுகிறது, சீனாவோடு வர்த்தகச் சண்டை வந்தால் நிவாரணக் காசோலை வருகிறது, இவருக்கு என்ன குறை என்பதுதான் என் வாதம். ஏக்கர் பன்னிரண்டாயிரம் டாலருக்கு மேல் விற்கும் ஊரில் நூறு ஏக்கர் வைத்திருப்பவர் கோடீஸ்வரர் என்று கணக்கும் போட்டுக் காட்டுவேன். அந்த வாதத்தில் எந்தத் தகவலும் பொய்யில்லை. அதனால்தான் அது தவறு என்று எனக்கு இத்தனை வருடம் தெரியாமல் போனது.

சமையலறை மேசையில் ஒரு தாள்

பெட்ரோல் நிலையத்தில் நடந்ததற்கு அடுத்த வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவர் மனைவி கதவைத் திறந்தார். பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். அந்த வேலையில் சம்பளத்தைவிட முக்கியம் குடும்பத்துக்குக் கிடைக்கும் மருத்துவக் காப்பீடு என்பதை அவரே சொன்னார். இங்கே பெரும்பாலான விவசாயக் குடும்பங்களின் வருமானத்தில் பெரும்பகுதி வயலுக்கு வெளியேயிருந்துதான் வருகிறது என்பதைப் படித்திருக்கிறேன். அதற்கு ஒரு முகம் இருப்பதை அன்றுதான் பார்த்தேன்.

கணவர் என் மன்னிப்பைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். அச்சடிக்கிறவர்களும் அப்படித்தான் போடுகிறார்கள். வேறு என்ன போடுவார்கள்?” என்றார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். பென்சிலால் எழுதிய ஒரு பக்கக் கணக்கு. குத்தகை நிலத்தில் ஓர் ஏக்கர் மக்காச்சோளத்துக்கு 2025-இல் ஆன வரவும் செலவும்.

வரவு ஒரே வரி. 215 புஷல் (ஒரு புஷல் மக்காச்சோளம் சுமார் 25 கிலோ), புஷலுக்கு 4 டாலர், ஆக 860 டாலர். செலவு: குத்தகை 320. விதை 120. உரம் 180. களைக்கொல்லி, பூஞ்சைக்கொல்லி 110. டீசல், சோளத்தைக் காய வைக்க ஆகும் எரிவாயு, காப்பீடு, வங்கி வட்டி, இயந்திரத் தேய்மானம், பழுது எல்லாம் சேர்த்து 220. மொத்தம் 950. ஏக்கருக்கு 90 டாலர் கையை விட்டுப் போகிறது. சோயாவிலும் ஏறக்குறைய அதே பள்ளம். அவர் உழைப்புக்கு அந்தத் தாளில் ஒரு வரிகூட இல்லை. எங்கே என்று கேட்டேன். “அதற்கு யாரும் ரசீது அனுப்புவதில்லையே” என்றார்.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்று கேட்டு வளர்ந்தவன் நான். அதைக் கணக்குப் பார்க்காதே, பார்த்தால் மனம் உடையும் என்ற எச்சரிக்கையாகவே புரிந்துவைத்திருந்தேன். இவர் முப்பத்தைந்து ஆண்டுகளாகச் சென்ட் விடாமல் கணக்குப் பார்த்தவர். பார்த்துத்தான் அந்த உழக்கு எந்த வருடம் காணாமல் போயிற்று என்பதைத் தேதியோடு சொல்கிறார். 2022-இல் சோளம் புஷலுக்கு ஆறரை டாலர் விற்றது. அந்த வருடம் உரமும் விதையும் குத்தகையும் ஏறின. சோளம் இறங்கிவிட்டது. ஏறிய மற்றவை இறங்கவில்லை, அல்லது தயங்கித் தயங்கி இறங்கி மறுபடி ஏறிவிட்டன. மக்காச்சோள விதை, சோயா விதை விற்பனையில் பாதிக்கு மேல் இரண்டே நிறுவனங்களின் கையில் இருக்கிறது. பொட்டாஷ் உரத்தில் பெரும்பகுதி கனடாவிலிருந்து வருகிறது. வாங்கும் கடையிலும் விலை கேட்டுக்கொள்ள வேண்டும், விற்கும் கிடங்கிலும் விலை கேட்டுக்கொள்ள வேண்டும். தன் விலையைத் தான் சொல்லும் இடம் என்று அவருக்கு ஒன்றுகூட இல்லை.

நான் உடனே குத்தகை வரியில் விரலை வைத்தேன். செலவில் மூன்றில் ஒரு பங்கு அதுதான். விளைச்சலுக்கு விலையில்லாத காலத்தில் குத்தகை ஏன் குறையவில்லை? அவர் உழுத ஆயிரத்து அறுபது ஏக்கரில் சொந்தம் 160 மட்டும். மிச்சம் 900 ஏக்கர் நான்கு உரிமையாளர்களுடையது. இந்த மாநிலத்தில் விவசாய நிலத்தில் பாதிக்கு மேல் குத்தகைதான். ஒரு காலத்தில் உரிமையாளர் அடுத்த தெருவில் இருந்த வயதான விதவை. இப்போது அவருடைய பேரப்பிள்ளைகள், வேறு மாநிலத்தில், நிலத்தை மேலாண்மை நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்துவிட்டார்கள். நிறுவனம் நல்ல குத்தகை தருபவரைத் தேடுகிறது. ஐயாயிரம் ஏக்கர் உழும் பெரிய பண்ணைக்காரர் தன் இயந்திரச் செலவை அத்தனை ஏக்கரிலும் பிரித்துப் போட முடியும். அதனால் 320 டாலர் அவருக்குக் கொடுக்கக்கூடிய தொகை. இவர் மறுத்தால் மார்ச் 1 அன்று நிலம் கைமாறும். இங்கே குத்தகை ஆண்டு அந்த நாளில்தான் புரளும்.

அப்போதுதான் என் பழைய வாதத்தைத் தயங்கித் தயங்கி எடுத்தேன். நிவாரணம்? 2025 டிசம்பரில் அரசாங்கம் விவசாயிகளுக்கு அறிவித்த 1,200 கோடி டாலர்? அவர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. சோளத்துக்கு ஏக்கருக்கு 44 டாலர், சோயாவுக்கு 31 டாலர் அளவில் வரும் என்றார். அவருக்கு மொத்தம் நாற்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. குத்தகை நிலத்தில் மட்டும் அவர் இழந்தது எண்பதாயிரத்தை ஒட்டி. வரும் பணமும் வந்த மறுநாள் வங்கிக்கும் உரக்கடைக்கும் போய்விடும். தலைமடையில் திறந்துவிட்ட தண்ணீர் வாய்க்கால் வழியே ஓடுவது போலத்தான் அந்தப் பணம் அவர் வழியே ஓடுகிறது. வாய்க்கால் நனைகிறது, ஆனால் அதில் எதுவும் விளைவதில்லை. நிவாரணம் வருகிறது என்பது தெரிந்தால் குத்தகை இறங்காது, விதை விலையும் இறங்காது என்பதை அவர் சொன்னபோது, இத்தனை வருடம் நான் யாருக்குக் கிடைத்த மானியத்தை யார் கணக்கில் எழுதிவந்தேன் என்று வெட்கமாக இருந்தது.

சோயாவின் கதை ஊருக்கே தெரியும். 2018-இல் சுங்கவரிச் சண்டை வந்தபோது சீனா பிரேசில் பக்கம் திரும்பியது. முழுதாகத் திரும்பி வரவில்லை. 2025-இல் மறுபடி சண்டை. அந்தச் செப்டம்பரில் அமெரிக்காவிலிருந்து சீனாவுக்கு இறக்குமதியான சோயா பூஜ்யம். இவர் வயலில் சோயா உதிரும் பருவத்தில் நின்ற மாதம் அது. அக்டோபர் கடைசியில் இரு நாட்டு அதிபர்களும் சந்தித்து, சீனா ஆண்டுக்கு 2.5 கோடி டன் வாங்குவதாக உடன்பாடு வந்தது. அதற்குள் இவர் பாதியை விற்றுவிட்டிருந்தார். கிடங்கில் வைத்துக் காத்திருக்க வட்டி விடவில்லை.

தாளின் அடியில் கோடு போட்டு இன்னொரு கணக்கு இருந்தது. என் மனத்தில் தங்கிவிட்டது அதுதான். அவருடைய சொந்த 160 ஏக்கரில் எண்பது ஏக்கர் அப்பாவிடமிருந்து வந்தது. மற்ற எண்பதை 2013-இல், விலை உச்சத்தில், கடனுக்கு வாங்கினார். குத்தகை இல்லாத அந்தச் சொந்த நிலத்தில் மிஞ்சுவது முழுவதையும் கடன் தவணை விழுங்கிவிடுகிறது. இப்போது உழுவதை நிறுத்திவிட்டு, அந்த 160 ஏக்கரையும் பெரிய பண்ணைக்காரருக்கு 320 டாலருக்கு விட்டால், தவணை ஏறக்குறைய அதிலேயே கட்டிப்போகும். வட்டியில்லை, டீசலில்லை, இரவு இரண்டு மணிக்குச் சோள உலர்த்தியைப் பார்க்க எழ வேண்டியதில்லை. நிலத்தை உழுதால் நஷ்டம், உழாமல் வைத்திருந்தால் வருமானம். “இந்த வரியை எழுதியபின் மூன்று நாள் நான் அவளிடம்கூடப் பேசவில்லை” என்று மனைவியைப் பார்த்துச் சொன்னார். அவர் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

எண்பதுகளில் அவர் கண்ட நெருக்கடியைப் பற்றியும் கேட்டேன். 1985 செப்டம்பரில் இங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள ஷாம்பெய்ன் நகரில் பாடகர்கள் வில்லி நெல்சனும் நீல் யங்கும் ஜான் மெலன்காம்பும் விவசாயிகளுக்காக முதல் இசை நிகழ்ச்சி நடத்தினார்கள். பதினேழு வயதுப் பையனாக அவர் அந்த மைதானத்தில் நின்றிருக்கிறார். அன்று வட்டி விண்ணுக்கு ஏறியது, நிலத்தின் விலை சரிந்து விழுந்தது, அடமானம் மூழ்கியது, வங்கிகளே மூடின. ஊர் முழுவதற்கும் ஒரே நேரத்தில் தெரிந்த பேரிடி அது. “இப்போது நில விலை விழவில்லை. அதனால் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை” என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தை நான் பலநாள் உருட்டிக்கொண்டிருந்தேன். நில விலை நிற்பதால் வங்கி மேலும் கடன் தருகிறது. போன வருட நஷ்டத்தைச் சொந்த நிலத்தின் மேல் எழுதி இந்த வருடம் விதைக்க வைக்கிறது. திவால் மனுக்கள் 2024-இலும் 2025-இலும் கூடின என்பது உண்மைதான். ஆனாலும் நாடு முழுவதற்கும் அவை சில நூறுதான். அதைப் பார்த்து நிலைமை அவ்வளவு மோசமில்லை என்று யாரும் சொல்லிவிடலாம். 2017-க்கும் 2022-க்கும் இடையில் மறைந்த பண்ணைகள் 1,40,000-க்கும் மேல். அவற்றில் எத்தனை இவரைப் போல, திவாலாகும் முன்பே, யாருக்கும் ஒரு டாலர் பாக்கி வைக்காமல், ஓய்வு என்று அச்சடித்துவிட்டு வெளியேறியவை? “இன்னும் இரண்டு வருடம் இழுத்திருக்கலாம். அப்பாவின் எண்பதும் போயிருக்கும்” என்றார். அவர் விலகிய நேரம் சரியானது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஒரு நல்ல விவசாயி எடுத்த சரியான முடிவு விவசாயத்தை விடுவதாக இருக்கிறதே என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஏலத்தன்று

பிப்ரவரி மூன்றாம் வாரம். பனி உருகி உறைந்து மறுபடி உருகிய தரை. கொட்டகைக்கு முன்னால் இயந்திரங்களை வரிசையாக நிறுத்தி, கழுவித் துடைத்து வைத்திருந்தார். சில்லறைச் சாமான்கள் இரண்டு கட்டை வண்டிகளின் மேல். சங்கிலிகள், சாவித் திருகிகள், கிரீஸ் துப்பாக்கிகள், காபி டப்பாக்களில் அளவு வாரியாகப் பிரித்த போல்ட்டுகள். ஒவ்வொரு டப்பாவின் மேலும் அவர் அப்பாவின் கையெழுத்தில் அளவு எழுதியிருந்தது. தேவாலயப் பெண்கள் ஒரு மூலையில் சூப்பும் ‘ஆப்பிள் பை’ என்னும் பலகாரமும் விற்றார்கள். ஐம்பது அறுபது பேர் இருந்திருப்பார்கள். பெரும்பாலும் நரைத்த தலைகள். இந்த நாட்டு விவசாயியின் சராசரி வயது 58-ஐத் தாண்டிவிட்டது. அன்று அந்தச் சராசரியை நேரில் பார்த்தேன்.

1930-களின் பஞ்ச காலத்தில் இந்த மத்திய மேற்கு மாநிலங்களில் வங்கி ஒரு விவசாயியின் உடைமைகளை ஏலத்துக்குக் கொண்டுவந்தால் அண்டை அயலார் திரண்டு வருவார்களாம். குதிரைக்கு ஐந்து சென்ட், கலப்பைக்குப் பத்து சென்ட் என்று அவர்களே கேட்டு வாங்கி, மாலையில் உரியவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். வெளியாள் யாராவது விலையை ஏற்ற வந்தால், கொட்டகை உத்தரத்தில் தொங்கும் தூக்குக் கயிறு அவருக்குப் பதில் சொல்லும். அன்று ஏலம் கேட்கிறவரின் முகம் தெரிந்தது. இங்கே ஏலக்காரர் பக்கத்தில் ஒரு பெண் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார். அறுவடை இயந்திரம் ஏலத்துக்கு வந்தபோது கூட்டத்தில் இருவர் மட்டும் தலையசைத்தார்கள். விலை கொஞ்சம் ஏறி நின்றது. பிறகு அந்தப் பெண் கையை உயர்த்தினார், மறுபடி உயர்த்தினார். யாரோ, எந்த மாநிலத்திலோ, திரையில் பார்த்து வாங்கிவிட்டார். இவர் எதிர்பார்த்ததைவிடக் குறைந்த விலைதான். நிறையப் பேர் ஒரே நேரத்தில் விற்கும்போது பழைய இயந்திரத்துக்கு வேறென்ன விலை வரும்?

அவர் டிராக்டருக்கோ அறுவடை இயந்திரத்துக்கோ பக்கத்தில் நிற்கவே இல்லை. போல்ட் டப்பாக்கள் இருந்த வண்டியருகேதான் நின்றார். அந்த வண்டி கடைசியாக வந்தது. டப்பாக்கள் மொத்தமாகப் பதினைந்து டாலருக்குப் போயின. எடுத்தவர் இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும் ஓர் இளைஞர். பக்கத்து ஊரில் தன் மாமாவோடு சேர்ந்து உழுகிறவர் என்று பிறகு தெரிந்தது. பணத்தைக் கட்டிவிட்டு வந்து, ஒரு டப்பாவை மட்டும் எடுத்து இவர் கையில் கொடுத்தார். இருவரும் எதுவும் பேசவில்லை. இவர் அதை வாங்கிக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

மார்ச் முதல் வாரம் ஒரு மாலை என் வீட்டுக் கதவைத் தட்டினார். இப்போது தானிய லாரி ஒன்றை வேறொருவருக்காக ஓட்டுகிறார். உள்ளே வரவில்லை. காலணியில் சேறு இருக்கிறது என்று வாசலிலேயே நின்றார். இந்த வருடம் முதல் பின்வேலி வயலை உழப்போகும் பண்ணையின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் பென்சிலால் எழுதிக்கொண்டு வந்திருந்தார். அவர்கள் செய்தி அனுப்புவார்களா என்று தெரியாது, ஏப்ரல் கடைசியில் நானே கூப்பிட்டுக் கேட்டுக்கொள்வது நல்லது என்றார். தெற்குக் காற்று வீசும் நாளில் அந்த ஓரத்தில் மருந்தடிக்க வேண்டாம், அங்கே தக்காளி இருக்கிறது என்று அவர்களிடம் சொல்லிவைத்திருப்பதாகவும் சொன்னார். முருங்கை எப்படி இருக்கிறது என்று கேட்டார். குளிருக்கு உள்ளே வைத்திருக்கிறேன் என்றேன். தலையாட்டிவிட்டு, வேலியோரமாக நடந்து போய், வயலை ஒருமுறை பார்த்துவிட்டு லாரியில் ஏறினார்.